அண்ணி வாங்கிய பதினொரு பாட்டு

எங்கள் தெருவில் பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரே ஆள் அண்ணிதான் என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். "விட்டா காத்தைக்கூட பில் போட்டுதான் வாங்குவா" என்பான். அண்ணிக்கு அதில் கோபம் வந்ததில்லை. "ஆமா, வாங்கினேன். அதனாலதான் அது என்னோடது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அண்ணியின் வேலை நீச்சல் குளத்தில். முட்டிவலி, இடுப்புவலி என்று அவதிப்படுகிற பெண்களுக்கு மார்பளவு தண்ணீரில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். காலை ஏழிலிருந்து எட்டு வரை. மூன்று பேரோடு ஆரம்பித்த வகுப்பில் இரண்டு வருஷத்தில் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். கைத்தடியோடு வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது கைத்தடியை எங்கே வைத்தோம் என்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த வகுப்பு பதினொரு பாட்டில் ஓடியது. தரையில் ஆடுகிற வேகத்துக்குத் தண்ணீரில் ஆட முடியாது. தண்ணீர் காலைப் பிடித்து இழுக்கும். தாளம் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஆனால் கொட்டாவி வரக்கூடாது. ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க அண்ணி நாற்பது பாட்டு கேட்பாள். கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தபடி தொடையில் தட்டித் தட்டி எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக வந்தால், குளத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பிளேயரைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தலையில் துண்டால் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து பார்ப்பாள். அப்படி நடந்து தேறிய பாட்டுகள்தான் அந்தப் பதினொன்றும். முதல் பாட்டுக்கு நடை. பத்தாவது பாட்டுக்குக் குளத்தோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் நீட்டுவது. பதினொன்றுக்கு மல்லாந்து மிதப்பது. அதோடு வகுப்பு முடிந்தது.

எல்லாம் இணையத்தில் ஒரே பாட்டுக்கடையில் வாங்கியது. அந்தக் கடைப் பாட்டுகளுக்குப் பூட்டு உண்டு. பாட்டு ஒரு கோப்பாக வரும். அதைத் திறக்கிற சாவி தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் வந்து கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரிலும், அதிலிருந்து ஏற்றிய அண்ணியின் சாம்பல் நிற பிளேயரிலும் மட்டும்தான் பாட்டு பாடும். வேறு எங்கே கொண்டுபோனாலும் வாயைத் திறக்காது. இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை.

வந்தது, குளத்துப் பழைய ஸ்பீக்கர் ஈரத்தில் ஊறிச் செத்துப்போனபோது.

புது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தவர் நீச்சல் அணியின் கோச். அதன் தலையில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு கம்பெனியின் வெள்ளை பிளேயர்தான் உட்காரும். கோச்சிடம் அந்த வெள்ளை பிளேயர் இருந்தது, அதனால் அவருக்கு அது உலகத்திலேயே நல்ல ஸ்பீக்கர். வேறு பிளேயர் வைத்திருப்பவர்கள் வயர் செருகிக்கொள்ள அதன் முதுகில் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தது. ஆனால் குளத்தைப் பார்த்துக்கொள்கிற விசில் அண்ணன், இந்த ஸ்பீக்கராவது ஈரத்தில் சாகக்கூடாது என்று, பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அந்த ஓட்டையைச் சிலிக்கான் பசை போட்டு அடைத்துவிட்டார்.

"ஒரு சொட்டு தண்ணி உள்ள போகாதும்மா" என்று அண்ணியிடம் பெருமையாகக் காட்டினார்.

"பாட்டும் போகாதேண்ணே" என்றாள் அண்ணி.

அவர் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்தப் பசையைக் கல்போல இறுகுகிற ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தார்.

இது நடந்தது ஒரு திங்கட்கிழமை. அதே நாள் கோச் குளத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். போட்டி நெருங்குகிறது, காலை ஏழிலிருந்து எட்டு வரை தன் அணிக்கு வேண்டும், பெண்கள் வகுப்பை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றலாம் என்று. வகுப்பில் பதினான்கு பேரில் ஒன்பது பேர் வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தர் பேக்கரியில் நாள் முழுக்க நிற்பவர், ஒருத்தர் துணிக்கடையில் நிற்பவர், ஒருத்தர் பஸ் கண்டக்டர். இரண்டு மணி என்றால் வகுப்பை இழுத்து மூடுவதற்குச் சமம். சனிக்கிழமை காலை குழுவினர் நேரில் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"பாட்டு இல்லாம எப்படி சார் காட்டறது?" என்று அண்ணி கோச்சிடம் கேட்டிருக்கிறாள்.

"பாட்டுதானேம்மா, ஏதாவது ரேடியோ போட்டுக்குங்க. எல்லாம் டம்டம்தானே" என்றிருக்கிறார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணி செருப்பைக்கூட நேராகக் கழற்றவில்லை. "டம்டமாம்! நாப்பது பாட்டுல ஒண்ணு பொறுக்கினவளைப் பார்த்து டம்டமாம்!" என்று அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். பிறகு தன் தோழி ஒருத்தியின் பழைய வெள்ளை பிளேயரைக் கேட்டு வாங்கி வந்து கம்ப்யூட்டரில் செருகினாள். பதினொரு பாட்டையும் அதற்குள் போடப் பார்த்தாள். பாதுகாக்கப்பட்ட கோப்பு, இந்தக் கருவியில் இயங்காது என்று பதினொரு முறை திரையில் வந்தது.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்போது இரண்டு வருஷம். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அம்மா கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக்கொடுப்பாள். நான் பிசிறு வெட்டி மடித்து அடுக்குவேன். அண்ணன் எனக்கு வைத்த பெயர் மௌனச்சாமி. பேசாதவர்களுக்குப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாள், மிக்ஸியோடு வருகிற புத்தகம், எது கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். அன்று சாயங்காலம் அந்தப் பாட்டுக்கடையின் ஒப்பந்தத்தைப் படிக்க உட்கார்ந்தேன். வாங்கும்போது 'சம்மதம்' என்று எல்லாரும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்களே, அது. பத்தொன்பது பக்கம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததில் படுக்கப் போவதற்குள் ஆறு பக்கம்தான் முடிந்தது. ஆறாவது பக்கத்தில்தான் சாவி விஷயம் இருந்தது. கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்தால் கோப்பு பிழைத்தாலும் சாவி பிழைக்காது.

காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் அம்மாவோடு உறை கொடுக்கக் கடைக்குப் போய்விட்டேன்.

அண்ணனுக்கு டயர் கடையில் வேலை. ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவன் எண்ணம். நாங்கள் திரும்பி வந்தபோது அவன் கம்ப்யூட்டர் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வெற்றி.

"எல்லாம் வைரஸ். அதான் பாட்டு போகல. மொத்தமா துடைச்சுப் புதுசா போட்டுட்டேன்" என்றான். "பயப்படாதீங்க, பாட்டை முதல்லயே சிடியில எடுத்து வெச்சுட்டேன். நான் என்ன மடையனா?"

அண்ணி ஒரு பாட்டைத் தட்டிப் பார்த்தாள். பாடவில்லை. இன்னொன்றைத் தட்டினாள். திரை லைசென்ஸ் எங்கே என்று கேட்டது.

"அது ஒண்ணுமில்ல. உன் பிளேயரைச் செருகினா சரியாயிடும்" என்று அண்ணன் சாம்பல் நிற பிளேயரை எடுத்தான். வயரின் ஒரு முனை கம்ப்யூட்டரில் இருந்தது. இன்னொரு முனையைப் பிளேயரின் அடியில் வைத்து அழுத்தப் போனான்.

"தொடாதே!"

கத்தியது யார் என்று அண்ணன் திரும்பி வாசல் பக்கம் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அதைச் செருகினா இந்தக் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதான் அதுலயும் இருக்கும்" என்றேன். "இதுல சாவி இல்ல. நீ துடைச்சப்பவே போயிடுச்சு. இப்ப உலகத்துலயே அந்தச் சாவி இருக்கற ஒரே இடம் உன் கையில இருக்கு. கீழ வை."

அண்ணன் அதைச் சோப்பு நுரையைத் தாங்குவதுபோலத் தாங்கி மேஜையில் வைத்தான்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன்டா, டயரைத் துடைக்கற மாதிரியாடா எல்லாத்தையும் துடைப்ப?"

அண்ணன் காதைச் சொறிந்தான். அவன் மனசு கெட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்தாம்மா, பத்து நிமிஷம் குடு. பதினொரு பாட்டையும் சும்மா கிடைக்கற இடத்துலேர்ந்து இறக்கித் தர்றேன். பூட்டும் இல்ல, சாவியும் இல்ல" என்றான்.

"வேண்டாம்."

"யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க வேண்டாங்க. என் குடையை ஒரு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டீங்க. அதுக்காக நான் வெளிய போய் இன்னொருத்தர் குடையைத் திருடிட்டு வரணுமா? என் குடை எனக்கு வேணும்." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொம்பளைங்க என்கிட்ட வர்றப்ப ஏமாத்தாத இடத்துக்கு வர்றோம்னு வர்றாங்க. பாட்டுலேர்ந்து எல்லாமே அப்படித்தான் இருக்கணும்."

"சனிக்கிழமை பாட்டு இல்லேன்னா வகுப்பே போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

அண்ணி சாம்பல் நிற பிளேயரைத் துணியால் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, சனிக்கிழமையை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

மறுநாள் பாட்டுக்கடையிடமே சாவியைத் திரும்பக் கேட்கலாம் என்று அதன் பக்கத்தைத் திறந்தேன். கடையை மூடிவிட்டார்கள். புதுச் சாவி கொடுப்பது போன மாதத்தோடு நின்றுவிட்டது, இத்தனை நாள் அன்பு காட்டியதற்கு நன்றி என்று பூப்படம் போட்டு எழுதியிருந்தது.

"நன்றியாம்" என்றாள் அண்ணி. "சாவியோட ஓடிட்டு நன்றி சொல்றான் பாரு."

நான் மிச்சம் பதின்மூன்று பக்கத்தையும் படித்தேன். நல்லவேளை, படித்தேன். பதினான்காவது பக்கத்தில், நடுவில், ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் இடையில் அது இருந்தது. வாங்கியவர், தன் கருவியில் பாட்டு ஒலிக்கும்போது அந்த ஒலியைத் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்ளலாம். கோப்பை நகல் எடுக்கக்கூடாது, பூட்டை உடைக்கக்கூடாது. ஆனால் பாட்டைப் பாடவிட்டுப் பதிந்துகொள்ள உரிமை உண்டு.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "சொந்த உபயோகம்னு இருக்கே. வகுப்புல போடறது சொந்தமாகுமா?"

"குளத்துல பாட்டு போடறதுக்குத் தனியா அனுமதி வாங்கியிருக்காங்க அண்ணி. டிக்கெட் ஜன்னலுக்குக் கீழ ஒட்டியிருக்கு. இந்த வருஷத்துக்கு இருக்கு."

"நீ குளத்துக்கு வந்ததே ரெண்டு தடவைதானே?"

"ரெண்டு தடவையும் படிச்சேன்."

அண்ணி என் தலையைப் பிடித்துக் கலைத்துவிட்டாள்.

இரண்டு முனையிலும் பின் உள்ள வயர் வேண்டும் என்றேன். அண்ணன் வேலை முடிந்து வரும்போது மூன்று நீளத்தில் மூன்று வயர் வாங்கி வந்து மேஜையில் வைத்தான். அன்றைக்கு மௌனச்சாமி என்றுகூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். வயரின் ஒரு முனை சாம்பல் நிற பிளேயரில், காதில் மாட்டுகிற வயர் செருகும் இடத்தில். மறுமுனை கம்ப்யூட்டரின் முதுகில். அங்கே வரிசையாக மூன்று ஓட்டை, மூன்று நிறம். ரோஜா நிறத்தில் செருகி முதல் பாட்டைப் பதிந்தேன். கேட்டுப் பார்த்தால் தகர டப்பாவுக்குள் பூனையைப் போட்டு உருட்டியதுபோல இருந்தது. அது மைக்குக்கான ஓட்டை. மெல்லிய பேச்சைப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் வேலை. அதற்குள் முழுப் பாட்டைத் திணித்தால் அது என்ன செய்யும்! நீல நிற ஓட்டைக்கு மாற்றினேன். பாட்டு பாட்டாக வந்தது. கோப்பை நகல் எடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். இதுவோ, நான்கு நிமிஷப் பாட்டுக்கு நான்கு நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கரகரவென்று ஒரு சத்தம் விழுந்தது. முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் தையல் மெஷின். அதுவும் கம்ப்யூட்டரும் ஒரே பிளக்கில் இருந்தன. மோட்டார் ஓடும்போதெல்லாம் அது பாட்டுக்குள்ளும் ஓடியது.

"அம்மா, கொஞ்சம் நிறுத்தறியா?"

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

அம்மா காலை மிதியிலிருந்து எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மெஷினை யாராலயும் நிறுத்த முடிஞ்சதில்ல. உன்னால முடிஞ்சிருக்கு" என்றாள். பிறகு பாட்டைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். நாலாவது பாட்டுக்கு அவள் கால் தானாகத் தட்டியது. "இதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்று வாயசைத்துக் கேட்டாள். நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தண்ணீரைத் தள்ளிக் காட்டினேன். அவளும் உட்கார்ந்தபடியே தள்ளினாள்.

ஏழாவது பாட்டில் பிளேயரின் பேட்டரி தீர்ந்தது. சார்ஜில் போட்டபடியே பதியலாம் என்று பார்த்தால் பாட்டுக்கு அடியில் ஒரு வண்டு ரீங்காரம் கேட்டது. வயரைப் பிடுங்கினால் வண்டு போய்விடும், போட்டால் வந்துவிடும். அதனால் சார்ஜ் ஏற்றிக் கழற்றிப் பதிந்து, மறுபடியும் ஏற்றிக் கழற்றிப் பதிந்து, வெள்ளிக்கிழமை மத்தியானத்தில்தான் பதினொன்றும் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணையே பெயராக வைத்து வெள்ளை பிளேயருக்குள் போட்டேன். ஒவ்வொன்றையும் தட்டி முழுதாகக் கேட்டேன். வண்டு இல்லை, மெஷின் இல்லை, பூனை இல்லை.

அண்ணியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காதில் மாட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டி எண்ணினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு தட்டு கூடல, குறையல" என்றாள். "இது என்னோடதேதான்."

சனிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "ஆரம்பிச்சு விட்டா போதும், அதுவே ஓடும்" என்றாள். குளத்தில் பதினான்கு பேரும் இறங்கியிருந்தார்கள். எதிரே பெஞ்சில் குழுத் தலைவியும் இன்னும் இரண்டு பேரும். தலைவி வங்கியில் மேலாளராக இருந்தவராம். மடியில் ஒரு கோப்பை விரித்து வைத்திருந்தார். கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அணி கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் துண்டோடு காத்திருந்தது.

முதல் பாட்டைத் தட்டினேன். குளம் முழுக்க அது பரவியபோது அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். திரும்பி, "நடங்க!" என்றாள். பதினான்கு பேரும் நடந்தார்கள். தண்ணீர் ஒரே திசையில் சுழல ஆரம்பித்தது.

பாட்டு முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. மெதுவான ஒரு குழல் ஓசை.

அது இரண்டாவது பாட்டு இல்லை. பத்தாவது.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ஓரத்துக்குப் போய் இடது கையால் கம்பியைப் பிடித்தார்கள். பதினான்கு வலது கால் பின்னால் நீண்டது.

"இருங்க, இருங்க" என்றாள் அண்ணி. யாரும் இருக்கவில்லை. பாட்டு சொல்லிவிட்டது, அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் கம்பியைப் பிடிக்க வெச்சுட்ட?" என்று கண்டக்டர் அக்கா மட்டும் கேட்டார். கேட்டபடியே காலை மாற்றினார்.

நான் வெள்ளை பிளேயரின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தேன். 1, 10, 11, 2, 3 என்று பட்டியல் போட்டிருந்தது. ஒன்றில் ஆரம்பிக்கிற பெயரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பிறகுதான் இரண்டுக்குப் போயிருந்தது. ஒவ்வொரு பாட்டாகத் தட்டிக் கேட்டேனே தவிர, வரிசையாக ஓடவிட்டுக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தாண்டிவிடலாமா என்று கையைக் கொண்டுபோனேன். எல்லாரும் கால் நீட்டி நிற்கையில் பாட்டைப் பாதியில் வெட்டினால் யாராவது தடுமாறி விழுந்துவிட்டால்? கை அப்படியே நின்றது. அண்ணிக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து கையை உயர்த்தி, இருக்கட்டும் என்று காட்டினாள்.

பதினொன்றாவது பாட்டும் வந்தது. பதினான்கு பேரும் மல்லாந்து மிதந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. தலைவி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது முடிந்ததும்தான் வந்தது வினை. பதினொன்று முடிந்தால் வகுப்பு முடிந்தது என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியும். எல்லாரும் எழுந்து படிக்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் அக்கா இரண்டாவது படியில் காலை வைத்துவிட்டார். மணி ஏழு பதின்மூன்று.

"முடிஞ்சுதா?" கோச் சிரித்தார். "பதிமூணு நிமிஷம்தானா! அப்ப மிச்ச நேரம் எங்களுக்குப் போதுமே மேடம்."

ஸ்பீக்கரில் இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. அண்ணி குளத்தின் அந்த முனையில் இருந்தாள். அவள் குரல் பாட்டில் முங்கிப்போனது. நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யாரும் ஏறாதீங்க!"

என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டை அடைக்குமென்று ஒரு வினாடி காத்திருந்தேன். அடைக்கவில்லை.

"பத்தும் பதினொண்ணும் முன்னாடி வந்துடுச்சு. பெயர் வெச்சதுல என் தப்பு. இப்ப ரெண்டாவது பாட்டு. எல்லாரும் உள்ள போங்க, கடைசியில பத்தையும் பதினொண்ணையும் மறுபடி போடறேன்!"

கண்டக்டர் அக்கா படியிலிருந்தபடியே திரும்பினார். "கேட்டுதுல்ல? உள்ள போ, உள்ள போ! நடுவுல எடம் இருக்கு, படியில தொங்காதீங்க!" என்று பஸ் குரலில் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பு ஒரு அலை மாதிரிக் குளத்துக்குள் திரும்பிப் போனது. அந்தச் சிரிப்போடே இரண்டாவது பாட்டுக்குக் கை வீச ஆரம்பித்தார்கள்.

மூன்று, நான்கு, ஐந்து. நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். நான்காவதில் பதினான்கு பேரும் தண்ணீரைத் தள்ளியபோது குளத்தின் விளிம்பு முழுக்க ஒரே நேரத்தில் நனைந்தது. ஒன்பதாவது பாட்டுக்குக் கம்பியைப் பிடித்துக் கால் அடிப்பது. பேக்கரி அக்கா அடித்த அடியில் தெறித்த தண்ணீர் தலைவியின் மூக்குக்கண்ணாடி வரை போனது. அவர் துடைத்துக்கொண்டு, நகர்ந்து உட்காராமல் அங்கேயே இருந்தார். ஒன்பது முடிகிற நொடியில் விரலை வைத்துப் பத்துக்குத் தாவினேன். இடைவெளியே தெரியவில்லை. ஏழு ஐம்பதுக்கு எல்லாரும் இரண்டாவது தடவையாக மிதந்தார்கள்.

ஏறி வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற அண்ணியிடம் தலைவி கேட்டார். "நீங்க வேண்டாம்னு சொல்லச் சொல்லப் போய்க் கம்பியைப் பிடிச்சாங்களே, எப்படி?"

"நான் வேண்டாம்னேங்க. பாட்டு வான்னுச்சு. அவங்க பாட்டு பேச்சைத்தான் கேப்பாங்க."

"எந்தப் பாட்டு போட்டாலும் இப்படித்தானா?"

"இல்லீங்க. இந்தப் பதினொண்ணுக்கு மட்டும்தான்."

தலைவி கோச்சின் பக்கம் திரும்பினார். "ரேடியோ போட்டா இது நடக்குமா சார்?"

கோச் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். நேர்மையான மனுஷர். "நடக்காதுங்க" என்றார். "என் பசங்க நான் விசில் ஊதினாலும் பாதிப்பேர் திரும்ப மாட்டாங்க."

ஏழு மணி அண்ணிக்கே என்று தலைவி கோப்பில் எழுதினார். கோச்சுக்கு ஆறு மணி. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அணி தலையில் கை வைத்துக்கொண்டது.

டிக்கெட் ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். நேரம், வகுப்பு, பொறுப்பு என்று கட்டம் போட்டது. விசில் அண்ணன் ஏழு மணிக்கு நேரே அண்ணியின் பெயரை அழுத்தி எழுதினார். தலைவி பார்த்துவிட்டு, "இன்னொரு கட்டம் போடுங்க. இசைன்னு" என்றார். அண்ணியிடம், "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

"என் நாத்தனாருங்க. கடை சாவியோட ஓடிப்போச்சு, இவ பத்தொன்பது பக்கம் படிச்சுப் பாட்டை மீட்டா. பெயரை அவளே எழுதுவா" என்றாள் அண்ணி. ஈரக் கையால் என் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

பேனாவை வாங்கினேன். பதினான்கு பேரும் தலை துவட்டியபடி பின்னால் கூடி நின்றார்கள். கோச்சும் நின்றார். பலகை கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் நுனிக்காலில் நின்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் மேல் பக்கமாக ஏறிப் போயிருந்தது. மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிதாகவும் இருந்தது.

விசில் அண்ணன் துணியை நீட்டினார். "அழிச்சுட்டு நேரா, சின்னதா எழுதறியாம்மா?"

"வேண்டாம்ண்ணே" என்றேன். "தூரத்துலேர்ந்து பார்த்தாலும் தெரியுது இல்ல? இருக்கட்டும்."